சத்தம் வராத தரை

மருமகளின் கால் தரைக்குள் போன அன்றுதான் தரையை மாற்றுவது என்று முடிவானது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிற ஒடுக்கமான நடையில் வந்துகொண்டிருந்தாள். பலகை ஒன்று பிஸ்கட் மாதிரி நொறுங்கி, ஒரு கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. அப்போது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். நல்லவேளை, சிராய்ப்போடு தப்பினாள். மகன் டார்ச் அடித்துப் பார்த்தான். கரையான் தின்று மிச்சம் வைத்ததைத்தான் நாங்கள் இத்தனை நாளும் தரை என்று நம்பி நடந்திருக்கிறோம்.

"வீடு முழுக்க மாத்திடுவோம்மா. புள்ள தவழப் போற இடம்லா இது," என்றான்.

நியாயம்தான். ஆனால் எனக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. காரணத்தை அவனிடம் சொல்ல முடியாது, சொன்னால் என்னை மலையிறக்கி ஈப்போ டவுனுக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பான். இங்கே சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்த பிறகும் தினமும் சாயங்காலம் அந்தப் பலகைகள் மேல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பழைய ஃபேக்டரியைப் பிரித்தபோது, கொழுந்தைப் பரப்பி வாடப்போடுகிற மேல்மாடிப் பலகைகளைத் தோட்டத்தில் சல்லிசாகக் கொடுத்தார்கள். தோட்டத்து ஆபீஸ் கிராணியைக் கெஞ்சிக் கூத்தாடி, லோரி பிடித்து, கம்போங் ராஜாவில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். மழை நாளில் எங்கள் வீட்டுத் தரை தேயிலை வாசம் அடிக்கும். மோட்டார் சைக்கிளில் விழுந்து எலும்பு சரியாகக் கூடாத இடது கால் அவருக்கு. ஒரு காலை ஊன்றுவார், மற்றதை இழுப்பார். பலகையில் அது தனியாகத் தெரியும். பனி இறங்குகிற நேரத்துக்கு அந்தச் சத்தம் வாசலில் கேட்டதுமே, திரும்பிக்கூடப் பார்க்காமல் நான் தேத்தண்ணி கலக்க ஆரம்பித்துவிடுவேன்.

அவர் இறந்து எட்டாம் நாள் படையல் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே சத்தம். வாசலில் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, நடை வழியாக வந்து, சமையலறை வாசலில் நின்றது. குளிர் இறங்கினால் மரம் சுருங்கும், ஆணி முனகும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். சுருங்குகிற பலகை காலை இழுத்து நடக்குமா? அதுதான் எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. உள்ளே வருகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். திரும்பிப் போகிற சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்குப் பயமே இல்லை. மகன் அந்த நேரத்தில் தோட்டத்துக் காய்கறியை லோரியில் ஏற்றிக்கொண்டிருப்பான். அவர் போன பிறகு கட்டிவந்த மருமகளோ கியா பார்ம் சந்தையில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டு இருட்டித்தான் வருவாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அவருக்கும் மட்டும் என்று இருந்தது. வாய் திறந்து எதுவும் பேச மாட்டேன். பேசினால் நின்றுவிடுமோ என்று ஒரு எண்ணம்.

ஈப்போவில் பெரிய கடைக்குக் கூட்டிப்போனான் மகன். மார்பிள் மாதிரி டைல்ஸ் காட்டினார்கள். எங்கள் ஊர்க் குளிரில் அதைப் போட்டால் ஐஸ் பெட்டிக்குள் குடும்பம் நடத்துகிற கதைதான். நிஜ மரம் கேட்டேன். மறுபடியும் கரையானுக்கு விருந்து வைக்கவா என்றான் மகன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலை ஈரத்தில் உப்பிப்போகுமாம். கடைசியில் கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு பலகை வந்தது. மேலே மரத்தின் படம், அடியில் ஸ்பாஞ்சு. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, கரையானுக்குப் பல்தான் போகும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சாம்பிளிலும் ஏறி, குதிகாலால் தட்டிப் பார்த்தேன்.

"தேங்காயாம்மா வாங்க வந்தோம்?" என்றான் மகன்.

சத்தம் வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கடைப் பெண்ணிடம் மலாயில் கேட்டேன். என் மலாயில்தான் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, சத்தமே வராது ஆன்ட்டி என்று அந்தப் பலகை மேல் குதித்துக் காட்டினாள். உண்மைதான், ஒரு முனகல் அளவுகூடச் சத்தமில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மருமகளின் காலில் இருந்த பிளாஸ்திரியை நினைத்துக்கொண்டு, எங்கள் பழைய தரைக்குக் கிட்டத்தில் வருகிற ஒரு நிறத்தைக் காட்டி, இதுவே இருக்கட்டும் என்றேன்.

வேலை நடந்த நாட்களில் கோலா தெர்லாவில் என் தங்கை வீட்டில் தங்கினோம். சாயங்காலம் ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பலகையெல்லாம் பெயர்த்தாயிற்று, வெறும் சட்டங்கள்தான் கிடக்கின்றன என்று மகன் வந்து சொன்னான். யாருமில்லாத வீட்டில், அந்தச் சட்டங்கள் மேல், அந்தக் காலோடு அவர் எப்படி நடப்பார்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை, வாயுவாக இருக்கும் என்று இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.

வீடு திரும்பியபோது தரை பளிச்சென்று இருந்தது. கூடம், அறைகள், நடை, சமையலறை, எல்லாம் தடுக்காமல் ஒரே விரிப்பு. எங்கோ ஒரே ஒரு மரத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள் போல. அதன் கணு ஒன்று, கண் மாதிரி, எல்லா அறையிலும் திரும்பத் திரும்ப வந்தது. மருமகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள்.

முதல் சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. போய்விட்டார், நானே செலவு பண்ணி அனுப்பி வைத்துவிட்டேன் என்று நினைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம்தான் அது தொடங்கியது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பேன், பிடரியில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பினால் ஆள் இருக்காது. அறைக்குள் போனால் அங்கேயும் அப்படித்தான். எனக்கு மெல்ல விளங்கியது. அவர் போகவில்லை. முன்னே எந்த இடத்தில் வருகிறார் என்று பலகை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது சொல்ல ஆளில்லை. வீட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கட்டின புருஷனை நினைத்து அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன். சுவரில் முதுகை ஒட்டி உட்காரப் பழகினேன்.

ஒரு சாயங்காலம் சமையலறையில் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கிவிட்டிருந்தது. நடையில் மருமகள் துணிக்கூடையோடு கூடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள். பெரியவர்கள் எதிரே வந்தால் செய்கிற மாதிரி, கூடையை இழுத்துப் பிடித்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அப்படியே நின்றாள். கால் சரியில்லாத ஒருவர் கடந்து போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு நடந்தாள்.

ஏம்மா ஒதுங்கினே என்று கேட்டேன். குரல் கேட்டுத் திரும்பியவள், நான் சமையலறையில் இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனாள்.

"நீங்க எதுக்க வந்தீங்கன்னு நெனச்சேன், அத்தை."

பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது. "நான்தாம்மா வந்தேன்," என்றேன். அவளும் மேற்கொண்டு கேட்காமல் கூடையோடு போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் ஒதுங்கி வழி விட்டது சமையலறைப் பக்கம் வருகிறவருக்கு. சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணிக்குக் கேத்தலை ஏற்றினேன்.

"உக்காருங்க," என்றேன், திரும்பாமலே.