காய்ந்த கரிசல் மறைத்த தேய்மானம்

பிள்ளைகளே, கவிதா, முத்து, இடைசெவல் காட்டில் நாலு சக்கர பைக்கில் போனோமே, அன்று உங்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்த பைக்கை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, "அண்ணாச்சி, முன்வீல் ஆடுது. மூட்டுல இருக்குற புஷ் தேஞ்சு போயிருக்கும்" என்றார். தூக்கிவைத்து ஆட்டினேன், அசையவில்லை. "புஷ் கல்லு மாதிரி இருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டு, உங்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

மூட்டில் காய்ந்து இறுகிய கரிசல் மண்தான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தது. ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் அது கரைந்துவிட்டது. சக்கரம் சாய்ந்து, வண்டி சுவரில்லாத கிணற்றுப் பக்கம் இழுத்தது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். "யப்பா, இன்னொரு மட்டம் வளைங்க!" என்று விளையாட்டாக நினைத்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் கழுவிப் பார்த்தால் புஷ்கள் தேய்ந்து, போல்ட் கடகடவென்று ஆடியது. புதிது போட்டேன். இப்போதெல்லாம் மண்ணைக் கழுவாமல் எந்த வண்டியையும் ஆட்டிப் பார்ப்பதில்லை. ஓட்டிப் பார்க்கும்போது யாரையும் ஏற்றுவதுமில்லை.

அன்று சாயங்காலம் தனியாக அங்கே போனேன். டயர் தடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மறுநாள் உங்கள் அம்மா களையெடுக்க அந்த வழியாகத்தான் வருவாள். தடத்தைக் காலால் அழித்துவிட்டுத் திரும்பினேன்.