டெப்பின் காலடி மண்

அன்று தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்கள் நானும் மிட்வைஃப் அக்காவும் மட்டும். தராசு இருந்தது. புதுத் தொடுதிரை டெப் முழு சார்ஜில் இருந்தது. வராதவர்கள், எடை பார்க்க வேண்டிய குழந்தைகளும் அவர்களைத் தூக்கி வர வேண்டிய தாய்மாரும்.

எடையைக் கொப்பியில் எழுதாமல் டெப்பில் பதிவதை அக்காவுக்குப் பழக்கத்தான் இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். தற்காலிக வேலை. மாத முடிவுக்குள் எல்லாப் பிள்ளைகளின் எடையும் டெப்பில் ஏறினால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். "மகன் ஹெல்த்துல இருக்கான்" என்று அம்மா அதற்குள் நாலு லயத்து வீடுகளுக்கும் சொல்லி முடித்திருந்தார்.

அதனால் முதல் கிளினிக்கில் எனக்கு ஆர்வம் கொஞ்சம் கூடிப்போனது. டெப்பில் இருந்த செயலிக்குப் பேசவும் தெரியும். எல்லோருக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரும் மாட்டினேன். கொழுகொழுவென்று ஒரு பையனைத் தராசில் வைத்ததும் டெப் முழங்கியது: "உங்கள் குழந்தை மிகவும் ஆரோக்கியமாக வளர்கிறது! வாழ்த்துகள்!" கூடவே கைதட்டல். நானும் தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. கன்னத்தில் மைப்பொட்டு இல்லாமல் பிள்ளையை வெளியே எடுக்காத தாய்மார் அவர்கள். எடையை அக்கா காதோடுதான் சொல்வார். அன்றிரவே பையனுக்குக் காய்ச்சல். டெப் கண் வைத்துவிட்டது என்ற செய்தி விடிவதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டாவது கிளினிக்குக்கு யாரும் வராத காரணம் இதுதான். "நடங்க தம்பி, போய்ப் பேசுவோம்" என்றார் அக்கா.

பையனின் அம்மா லயத்து வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். பையன் காய்ச்சல் விட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"சத்தத்த நிப்பாட்டிட்டேங்க. இனிமே பேசாது" என்றேன்.

"வாயத்தானே கட்டியிருக்கீங்க? உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டுத்தானே இருக்கும்?"

நான் டெப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஒங்கம்மாவும் கொழுந்து எடுக்கிறவங்கதானே? படிச்சதும் எல்லாம் மறந்து போச்சோ? எடை பாத்த கையோட புள்ளைங்களுக்குச் சுத்திப் போடணும். மொளகா, உப்பு, சூடம் எல்லாம் ஒங்க செலவு. கண்ணு வச்சவங்க காலடி மண்ணும் வேணும்."

"டெப்புக்குக் கால் இல்லையே" என்றார் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"தூக்கிட்டு வந்த கால் இருக்குல்ல மிஸ்ஸி? செருப்பக் கழட்டுங்க தம்பி."

அரை மணி நேரத்தில் பிள்ளைக் காம்பரா நிறைந்துவிட்டது. உள்ளே அக்கா எடை பார்த்து, சத்தமில்லாமல் டெப்பில் பதிந்தார். எங்கே தட்டுவது என்று என்னைக் கேட்கவே இல்லை. நான் வெளியே வெறுங்காலோடு நின்றேன். ஒவ்வொரு தாயும் என் காலடியில் ஒரு சிட்டிகை மண் எடுத்தார். "கொஞ்சம் தள்ளி மிதிங்க, இங்க தீந்துருச்சு" என்றார் ஒருவர். சுற்றிய மிளகாயில் பிள்ளைகள் துப்பினார்கள். குறி தவறியதெல்லாம் என் காற்சட்டையில். பால் காய்ச்சும் அடுப்பில் மிளகாய் விழுந்ததும் எல்லோரும் இருமினோம்.

"பாத்தீங்களா, நெடியே இல்ல. அம்புட்டும் கண்ணு!" என்றார் பையனின் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மாலைக்குள் ஒரு பிள்ளை விடாமல் எடை டெப்பில் ஏறிவிட்டது. மேலதிகாரி ஃபோனில், "எப்பிடிங்க எல்லாரும் வந்தாங்க?" என்று வியந்தார். சமூகத்தின் முழு ஒத்துழைப்பு என்றேன். வேலை நிரந்தரமானது.

மிளகாய், உப்பு, சூடம். நானும் அக்காவும் தோட்டத்துக் கடையில் பாதிப் பாதியாகக் கட்டியது எண்ணூற்று இருபது ரூபாய்.