அடித்துவிட்ட அரைப் பக்கம்

"…தகரப் பெட்டி இல்லடி, பிரம்புப் பெட்டி. கனமே கிடையாது, ஒத்தக் கையால தூக்கிடலாம்" என்று அக்கா சொன்னபோதே நான் படிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அடுத்த வரியையும் படித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

பிரிக்பீல்ட்சில் ரயில்வே வரிசை வீடுகளின் பின்சந்து அது. பகல் சமையல் முடிந்து, ஆண்கள் வேலை விட்டு வருவதற்குள் பெண்கள் ஏழெட்டுப் பேர் முறத்தோடு வந்து உட்காருவார்கள். அவர்கள் அரிசியில் கல் பொறுக்க, நான் எழுதிக்கொண்டிருந்த நாவலைப் படித்துக் காட்டுவேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கடையில் சாமான் கட்டிக் கொடுத்த தாள்களில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பழகியவள். ஆனால் பேச்சென்றால் எனக்கு உயிர். பெருமழை பிடித்தால் எதிர்வீட்டுக்காரி, "வானத்துல யாரோ வீடு கழுவி விடுறாங்க" என்பாள். அந்த மாதிரி எது காதில் விழுந்தாலும் முந்தானையில் முடிந்துகொண்டதுபோல் பத்திரமாகக் கொண்டுவந்து எழுதிவிடுவேன்.

புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்ற அச்சுக்கூடத்துக்காரர், பாதியாகக் குறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எதை வைப்பது, எதை வெட்டுவது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படித்துக்கொண்டே முறங்களைப் பார்ப்பேன். கைகள் அசையாமல் நின்றால் அந்தக் காட்சி பிழைத்தது. கல் பொறுக்கிக்கொண்டே இருந்தால் வீட்டுக்குள் போய்ச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவேன். ஒரு கல்யாணம், இரண்டு சாவு, டெங்கில் என்ற ஊர்த் தோட்டத்து வெள்ளம் எல்லாம் அப்படிப் போனவைதான்.

அன்று எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. கடல் தாண்டி ஊருக்குப் போன கணவன் திரும்பி வருகிறான் என்று ஒருத்தி கப்பலடிக்குப் போகிறாள். அவன் பின்னால் ஒரு புதுப்பெண் இறங்குகிறாள், கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. மனைவி வாய் திறக்காமல் அந்தப் பெண்ணின் தகரப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அழுதபடியே ரயிலடிக்கு நடக்கிறாள்.

"சக்களத்தி பெட்டியத் தூக்கினாளாம்! அப்படியே ஆரத்தியும் எடுத்திருக்க வேண்டியதுதானே லா!" என்றாள் தண்டவாளம் மாற்றிவிடும் பாய்ண்ட்ஸ்மேனின் மனைவி. சந்தே சிரித்தது.

"மண்டைக்குள்ள தண்டவாளத்துக் கல்ல ரொப்பி வச்சிருப்பா" என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் சிரிப்பு.

அப்போதுதான் அக்கா பெட்டியைத் திருத்தினாள்.

அக்கா எனக்கு அடுத்த வீடு. எஞ்சினில் கரி போடும் தம்பியோடு இருந்தாள். புருஷன் மேரு என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, வேலை விட்டு வர முடிவதில்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கிள்ளான் துறைமுகத்தில் நடந்ததை என்னிடம் மட்டும், ஒரு மழைநாளில் என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்னாள். "உன் வயித்தோட போகட்டும்டி" என்றும் சொன்னாள். நான் கிள்ளானைப் பினாங்கு ஆக்கினேன், கிராணியைப் புடவை வியாபாரி ஆக்கினேன். அது போதும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

"தகரமா பிரம்பான்னு உனக்கெப்படிக்கா தெரியும்?" என்று பாய்ண்ட்ஸ்மேன் மனைவி கேட்டாள்.

"தூக்கினவளுக்குத் தெரியாதா?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அக்கா, இத வெட்டிடறேன்" என்றேன்.

"வெட்டு. இவங்க காதுலேர்ந்தும் வெட்டிடுவியா?" அவள் குரல் உயரவே இல்லை. "அழுதுகிட்டா தூக்கினேன்? அப்படியா உங்கிட்ட சொன்னேன்? அந்தப் பொண்ணு கப்பல்ல வாந்தி எடுத்து எடுத்து, நிக்கத் தெம்பில்லாம எம்மேல சாஞ்சுது. நான் யாருன்னே அதுக்குத் தெரியாது. அம்மான்னு கூப்பிட்டுது. அவன் சுருட்டப் பத்த வச்சுக்கிட்டு முன்னால போய்ட்டான். அதான் தூக்கினேன். அதெல்லாம் எங்கடி?"

அதெல்லாம் இருந்தது. அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் முறங்களுக்கு முன்னால் வைக்காமலே அடித்திருந்தேன். புதுப்பெண் வாந்தி எடுத்தால் அவள் மேலும் இரக்கம் வந்துவிடும், அக்காவுக்குச் சேர வேண்டிய கண்ணீரில் பாதி அந்தப் பக்கம் போய்விடும் என்பது என் எண்ணம். போதாததற்கு அந்த அழுகையை நானே சேர்த்தேன். அவள் தூக்கியதற்கான காரணத்தை எடுத்துவிட்டு, தூக்கியதை மட்டும் சந்தில் வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"இருக்குக்கா… அடிச்சு வச்சிருக்கேன்."

"படி."

சிவப்புக் கோடுகளுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. இரண்டு வரி படித்திருப்பேன், ரயில் பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. பெண்கள் பொறுக்கியதும் பொறுக்காததுமாக அரிசியை வாரிக்கொண்டு எழுந்தார்கள். ஆண்கள் வருவதற்குள் தேத்தண்ணி கொதிக்க வேண்டுமே! ஒருத்திகூட அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பாய்ண்ட்ஸ்மேன் வீட்டுக்குள்ளிருந்து 'ஆரத்தி' என்ற சொல்லும், அதன் பின்னால் ஒரு சிரிப்பும் கேட்டன.

நான் படிப்பதை விடவில்லை. விட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நடந்தவளுக்கே நடந்ததைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். 'அம்மா' என்ற இடம் வந்ததும் அந்த வரியையே மறுபடியும் படித்தேன்.

"போதும்டி" என்றாள் அக்கா. "வைக்கிறதோ வெட்டுறதோ, அது உன் பாடு."

முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள். தன் வீட்டு வாசலைத் தாண்டி நேரே நடந்து, பாய்ண்ட்ஸ்மேன் வீட்டுப் பின்கதவுக்குள் தலையை நீட்டினாள். "தங்கச்சி, தேத்தண்ணி அப்புறம் வச்சுக்கலாம். கப்பல்ல வந்த அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு நானே சொல்றேன், கேளு" என்று சொல்லி, அவர்கள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.