போட்டிக்கு ஆள் சேர்த்தது

ஒரு சாதியினர் உள் ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்த அந்த ஆண்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்து மென்பொருள்காரர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நான்தான் அட்மின். கொரோனா காலம். பலரும் சென்னையிலிருந்து திரும்பி, வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அப்பா இறந்ததால் நானும் மணலூர்பேட்டைக்கு வந்திருந்தேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

மூங்கில்துறைப்பட்டுக்காரர் ஒருவரும் களமருதூர்க்காரர் ஒருவரும் கல்லூரியிலிருந்தே சேர்ந்து புரோகிராம் எழுதியவர்கள். மறியல் படம் ஒன்றை முதலாமவர் குழுவில் போட, மற்றவர் எதிர்த்துக் கேட்க, பேச்சு தடித்தது. பிறகு இருவரும் பேசவில்லை. குழுவும் அடங்கிவிட்டது.

அப்போதுதான் ஆன்லைனில் ஒரு கோடிங் போட்டி வந்தது. மூன்று பேர் ஓர் அணி. குழுவில் போட்டேன், பதிலே இல்லை. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் ஒவ்வொருவராக அழைத்தேன்.

“இன்னா மேடம், ஊரே ரோட்ல நிக்குது, நீங்க போட்டிங்கிறீங்க,” என்றார் மூங்கில்துறைப்பட்டுக்காரர். “அவரு வர்றாரா?”

“கேக்கணும்.”

“வந்தா நான் வரலைங்க.”

களமருதூர்க்காரரும் அதையேதான் சொன்னார்.

தானாக அழைத்தவள் ஒருத்திதான். கல்வராயன் மலைப் பெண், படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். “அக்கா, நான் வரேன். மலையில டவர் இல்ல, கீழ வந்துதான் எழுதணும். கூட ரெண்டு பேர் வேணுமே?”

இருவரிடமும் அவளைப் பற்றிச் சொன்னேன். “அந்தப் பொண்ணுக்காக வரேன்,” என்றார்கள், தனித்தனியாக.

போட்டியன்று கள்ளக்குறிச்சியில் ஒரு டியூஷன் சென்டரில் கூடினோம். மறியலால் அவள் வந்த பஸ் கச்சிராயபாளையத்திலேயே நின்றுவிட்டது. மூங்கில்துறைப்பட்டுக்காரர் வண்டிச் சாவியை எடுத்தார். “நிக்கிறது நம்ம ஆளுங்கதான். விடுவாங்க.” போட்டி தொடங்கிச் சற்று நேரத்தில் அவளோடு வந்து சேர்ந்தார்.

அவளை நடுவில் வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள்.

“புரோகிராம்ல லூப்பு ஒரு தடவ ஜாஸ்தி ஓடுதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா,” என்றார் களமருதூர்க்காரர்.

“ஓடலன்னு சொல்லு.”

கொஞ்ச நேரம் அப்படியே இருவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள். பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “அண்ணா, நேரம் போய்க்கினே இருக்கு. நேராவே சொல்லிக்குங்க.”

கடைசியில் களமருதூர்க்காரர் திரையைப் பார்த்தபடி சொன்னார்: “டேய், அந்தக் கடைசி வரியப் பாரு.”

மற்றவர் பார்த்தார். “ஆமா,” என்றார்.

பரிசு கிடைக்கவில்லை. பட்டியலில் நடுவில் எங்கோ வந்தோம். அடுத்த ஆண்டு அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது; நேர்முகத்தில் இந்தப் போட்டியைப் பற்றித்தான் கேட்டார்களாம். அவர்கள் இருவரும் பழையபடி ஆகவில்லை. புரோகிராம் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

போட்டியன்று எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கால் வலிக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது.