இளநரைக்காரன் கொடுத்த ஆசீர்வாதம்

அறுபதுகளின் நடுவில் அந்தமானில், மாயாபந்தரில், ஒரு மர டிப்போவில் எனக்கு வேலை. சொந்த ஊர் மதுரைப் பக்கம். வயது இருபத்தெட்டு, ஆனால் தலையைப் பார்த்தவர்கள் ஐம்பத்தெட்டு என்பார்கள். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கெல்லாம் இளநரை. எனக்கு அது மீசை வரைக்கும் இறங்கிவிட்டது. டிப்போவில் இருந்த வங்காளி கிளார்க் என்னை 'பூடா பாபு' என்று கூப்பிடுவார். இந்தியில் கிழட்டு பாபு என்று அர்த்தம். நாளடைவில் போட்டுகள் வந்து நிற்கும் ஜெட்டியிலும் பஜாரிலும் அதுவே என் பெயராகிப் போனது.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், லீவில் ஊருக்குப் போய்ப் பெண் பார்க்கும் வரைக்கும். பெண் வீட்டார் காபி கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளை எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டார்கள்.

திரும்பி வரும்போது கப்பலிலேயே முடிவு செய்துவிட்டேன். புத்தாண்டு பிறந்ததும் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிவிட வேண்டியது! மாயாபந்தரில் அதெல்லாம் கிடைக்காது. போர்ட்பிளேரில் இருந்த நண்பரிடம் சொல்லி அபர்டீன் பஜாரில் வாங்கி அனுப்பச் சொன்னேன். ஜனவரி முதல் தேதி காலையில் வந்த போட்டில் பாட்டில் வந்து சேர்ந்தது. அதே போட் சற்று நேரத்தில் போர்ட்பிளேருக்குத் திரும்ப வேண்டும்.

பேப்பரில் சுற்றிய பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினால், ஒரு புருஷனும் பெண்சாதியும் ஜெட்டியில் வழிமறித்து நிற்கிறார்கள். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். மீன்பிடித் தொழிலுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவள் கையில் சேலைத் துணியில் சுற்றிய பெண் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட இருக்காது. ஒவ்வொரு மூச்சும் கரகரவென்று வெளியே கேட்டது. உடனே போர்ட்பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். போட் போய்ச் சேரவே மறுநாள் ஆகிவிடும்.

ஆனால் அவள் ஏறமாட்டேன் என்று நின்றாள். அவர்கள் ஊரில் புது வருஷத்தன்று பிள்ளைகளை வயதானவர்களிடம் கொண்டுபோவார்களாம். அந்தப் பெரியவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்வார்களாம். அது இல்லாமல், வருஷத்தின் முதல் நாளில், மூச்சுத் திணறுகிற பிள்ளையைக் கடலில் கொண்டுபோக அவளுக்கு மனம் துணியவில்லை.

அப்போது மாயாபந்தரில் எங்கள் தமிழாட்களில் வயதானவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. எல்லோரும் பிழைக்க வந்த இளவட்டங்கள். பெற்றவர்களை மெயின்லேண்டில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

"எங்க ஊருன்னா தெருவுக்குத் தெரு பெரியாளுக இருப்பாவ. இங்கன யாரு இருக்கா? நீங்கதான் ஐயா" என்றாள். சொன்ன கையோடு இருவரும் ஜெட்டிப் பலகையிலேயே என் காலில் விழுந்துவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நானோ கல்யாணமே ஆகாதவன். நெற்றியில் திருநீறு, கையில் சாயப் பாட்டில்! 'அம்மா, எனக்கு இருபத்தெட்டு வயசுதான்' என்பது வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் போட்டை ஓட்டும் சாரங்கு உள்ளேயிருந்து கத்தினார். "ஜல்தி கரோ! பானி உத்தர் ரஹா ஹை!" தண்ணீர் வடிகிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்கிறார். அவள் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் இவள் ஏறப்போவதில்லை என்று எனக்குப் பட்டது.

"எனக்குச் சிலுவை போடத் தெரியாதேம்மா" என்றேன்.

"ஆண்டவருக்குத் தெரியும். நீங்க கைய மட்டும் குடுங்க ஐயா."

என் கட்டைவிரலைப் பிடித்து, குழந்தையின் நெற்றியில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் அவளே நகர்த்தினாள். நெற்றி அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. "நூறு வயசு இருக்கணும்" என்று என் வாய் தானாகச் சொன்னது. அந்தக் குரல் எனக்கே கிழவர் குரலாகக் கேட்டது. மறு நிமிஷம் அவள் போட்டில் இருந்தாள்.

அறைக்கு வந்து பாட்டிலைத் திறக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. அந்தப் பிள்ளை என்ன ஆனதோ தெரியாமல் தலையைக் கறுப்பாக்கிக்கொள்வது அவர்களை ஏமாற்றுவது போல இருந்தது. இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் எனக்குப் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. செய்தி வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டிலை டிரங்குப் பெட்டிக்குள் தள்ளினேன்.

அதன்பிறகு எந்த போட் வந்தாலும் ஜெட்டியில் போய் நின்றேன். "பூடா பாபு, துல்ஹன் ஆ ரஹீ ஹை க்யா?" என்று, கல்யாணப் பெண் வருகிறாளா எனக் கேட்டு, வங்காளி கிளார்க் கிண்டலடித்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவர்கள் வந்து இறங்கினார்கள். இறங்கியதும் இறங்காததுமாக அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். மூச்சுச் சத்தமே கேட்கவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. அத்தனை பேர் பார்க்க ஜெட்டியில் நின்று அழுதேன்.

டீக்கடையில் உட்கார்ந்து என் வயதைச் சொல்லிவிட்டேன். பார்த்தால், அந்தப் புருஷனுக்கு என்னைவிட ஐந்து வயது கூட! மூத்தவரைக் காலில் விழவைத்துவிட்டேனே என்று நான் பதற, அவர் நிதானமாக டீயை ஆற்றினார்.

"அன்னைக்கு எங்களுக்கு ஒரு பெரியவரு வேணும் சார். நீங்க இருந்தீய. அவ்வளவுதான்."

சாயம் பாட்டிலுக்குள்ளேயே இறுகிப்போனது. அடுத்த லீவில் நரைத்த தலையோடுதான் பெண் பார்க்கப் போனேன். "தல நரைச்சா என்ன, பல்லெல்லாம் இருக்குல்ல" என்று சொல்லி ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஜனவரி ஒன்று என்றால் அந்தப் பிள்ளை என் வீட்டில் ஆஜர். ரிட்டயராகி நான் போர்ட்பிளேருக்கு, பத்துபஸ்திக்குக் குடிவந்த பிறகும் அது நிற்கவில்லை. அவளைப் பெற்ற இருவரும் இப்போது இல்லை. இந்தப் புத்தாண்டுக்கும் வந்தாள், தன் பேரனைக் கூட்டிக்கொண்டு. அவள் தலை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. சாயம்தான்.

"நீ பூசலாம், நான் பூசக்கூடாதா?" என்றேன்.

"நீங்களும் பூசிட்டா நான் யாருகிட்ட போய் நிக்கிறது?" என்று நெற்றியைக் காட்டினாள். என் கை இப்போதெல்லாம் நடுங்குகிறது. ஆனாலும் சிலுவை நேராக விழுந்தது.

முட்டி வலிக்கிறது, காது மந்தம், மாடிப்படியைப் பார்த்தாலே கோபம் வருகிறது. எல்லாக் கிழவர்களையும் போல நானும் புலம்புகிறவன்தான். ஆனால் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒரு வயது கூடும்போது, அன்று ஜெட்டியில் அந்தத் தாய் என்னிடம் பார்த்த பெரியவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.