இரும்புக் கப்பலில் ஒரு டப்பா கறி

நம்பாதவர்கள் நைனார்பாளையம் போய் வெற்றிவேலைப் பார்க்கலாம். இது அவனுக்கும், அவனோடு கப்பலில் இருந்த சின்னசேலம் ஜெயப்பிரகாஷுக்கும் நடந்தது.

இருவருக்கும் சுற்றுலாக் கப்பலின் சமையலறையில் எடுபிடி வேலை. நடுக்கடலில் இன்ஜின் அறை தீப்பிடித்து மின்சாரம் போனது. கப்பல் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் கழிவறைகள் பொங்கி வழிந்தன. தரைக் கம்பளம் ஊறிக் காலடியில் சளசளத்தது. நாற்றம் நாக்கில் ஒட்டியது. கீழ்த்தள அறையில் வெற்றிவேல் காய்ச்சலோடு கிடந்தான். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. இன்றும் சாப்பிடாவிட்டால் உடம்பு தாங்காது என்று கப்பல் நர்ஸ் ஷாலினி சொல்லிவிட்டாள்.

குளிர்சாதன அறையிலிருந்த ஆட்டுக்கறி கெட்டுப்போவதற்குள் மேல்தளத்தில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள்.

"உனுக்கு கறிச்சோறு எடுத்தாரேன்டா," என்றான் ஜெயப்பிரகாஷ்.

"ஆணி ஒண்ணு போட்டு எடுத்துக்கினு வா. இரும்பு இல்லாம எங்கம்மா கறிய வெளிய வுடாது. பேய் பின்னாலயே வரும்."

"இந்தக் கப்பலே இரும்புதாண்டா. எந்தப் பேய் ஏறும்?"

பிற்பகல் மூன்று மணி. மேலே வெயில். கீழே கும்மிருட்டு. ஜெயப்பிரகாஷின் ஒரு கையில் பிளாஸ்டிக் டப்பா, மறுகையில் செல்போன் வெளிச்சம். குளிர்சாதன அறையைத் தாண்டும்போது, பின்னால்...

சளக்... சளக்...

நின்றான். அதுவும் நின்றது.

செல்போன் அணைந்தது.

டப்பா மூடி மெல்லத் திறந்தது. அவன் திறக்கவில்லை.

சப்... சப்...

ஓடினான்.

வெற்றிவேல் இருட்டிலேயே டப்பாவைப் பிடுங்கி அள்ளித் தின்றான்.

"இன்னாடா இது... கொழகொழன்னு கீது."

ஷாலினி டார்ச்சோடு வந்தாள். கறித்துண்டுகள் வெளுத்து, நசுங்கி, வாயில் வெகுநேரம் கிடந்தவைபோல இருந்தன. எச்சில் நூலாக இழுத்தது. ஜெயப்பிரகாஷ் வாந்தி எடுத்தான்.

வெற்றிவேல் எடுக்கவில்லை. விரலை நக்கினான்.

கரை சேர்ந்த பிறகு ஷாலினி சொன்னாள். குளிர்சாதன அறைக்கு அடுத்தது பிண அறை. முதல் நாள் இறந்த கிழவர் ஒருவரை அதில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கரையில்தான் திறந்தார்கள். அவர் உதட்டில் காய்ந்த குழம்பு. ஒரு பருக்கை சோறு.

"அவருக்கு வாயில ஒரு பல்லுகூட இல்ல, ஜெயப்பிரகாஷ்."

வெற்றிவேல் பிழைத்துக்கொண்டான். போன வாரம் அவன் அம்மா கமலா ஜெயப்பிரகாஷுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, கப்பல்ல இவனுக்கு இன்னா ஆச்சு? கறி ஆக்கிப் போட்டா மெல்லவே மாட்றான். சப்பிச் சப்பித் தட்டுல துப்புறான். பல்லெல்லாம் நல்லாத்தான கீது?"

அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது.

சப்... சப்...