மயில் போட்ட ஸ்கிரீன்

வசந்தகுமாரைப் பற்றிப் பிள்ளைப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். குடிக்க மாட்டான், வம்புதும்புக்குப் போக மாட்டான், ஒரகடத்துக் கம்பெனியில் லீவு போடாமல் வேலை பார்ப்பான், அப்பன் விட்டுப்போன துண்டு மனையில் சொந்தமாக ரெண்டு ரூமும் ஹாலும் கட்டிவிட்டான். இவ்வளவு நல்ல பெயர் எடுத்தவன், பெற்ற மகளின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு திரிந்தான் என்றால் யாராவது நம்புவார்களா? எல்லாம் ஒரு ஸ்கிரீன் துணியால் வந்தது. துணியைச் சொல்வானேன்! மாட்டியவன் அவன்தானே.

வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மாறி மாறிப் போய் உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது. "பேசாம நைட்டே எடுத்துக்கோயேன், அலவன்சும் சேரும்" என்று சூப்பர்வைசர் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டான். ராத்திரி முழுக்க லைனில் நின்றுவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து படுத்தால், கிழக்கு ஜன்னல் வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். எங்கிருந்து தூக்கம் வரும்? ஒருநாள் விடிகிற நேரத்தில் பிரஸ் மிஷின் முன்னால் நின்றபடியே கண் செருகிவிட்டது. பக்கத்தில் நின்ற மாரி சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் வலது கை போயிருக்கும். அந்த வாரமே மனைவி இசைவாணியையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனான்.

கடைக்காரர் ராஜசேகர் அவனைப் பார்த்ததுமே சிரித்தார். "நம்ம பக்கம் ஸ்கிரீன் வாங்க வர்றவங்க ரெண்டு தினுசுப்பா. வூட்டு அழகுக்கு வாங்கறவங்க, பகல்ல தூங்கறதுக்கு வாங்கறவங்க. உன் கண்ணப் பார்த்தாலே தெரியுது, நீ எந்த ஆளுன்னு."

மகள் தென்றலுக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது. வாயென்றால் வாய், அப்படி ஒரு வாய்! அடுத்த தெருவில் கேட்கும். அடுக்கியிருந்த துணிகளுக்குள் புகுந்து ஒரு மஞ்சள் துணியை இழுத்துக்கொண்டு வந்தாள். உடம்பெல்லாம் சின்னச் சின்ன மயில் போட்ட துணி. "அப்பா, மயிலு! இது வாங்கு!" என்று கத்தினாள். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வசந்தகுமார் துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தான். வெளிச்சம் சல்லடையில் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கம் வந்தது. "இது ஆவாதும்மா" என்று பிடுங்கி வைத்தான். ராஜசேகர் எடுத்துப் போட்ட காப்பித்தூள் நிறக் கெட்டித் துணிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தபோது ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"உள் ரூமுக்கு இத எடுத்துக்குங்க. ஹாலுக்குக் கொழந்த கேக்கறத வாங்கலாமே" என்றாள் இசைவாணி.

"ஹால் வெளிச்சம் கதவு வழியா உள்ள வராதா? எல்லா ஜன்னலுக்கும் இதே போதும்." அதோடு பேச்சு முடிந்தது. தென்றல் வண்டியில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே டிரில்லிங் மிஷின் இரவல் வாங்கிச் சுவரில் ஓட்டை போட்டு, கம்பி பொருத்தி, ஸ்கிரீனை மாட்டினான். ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தையும் விடாமல் டேப் போட்டு ஒட்டினான். பட்டப்பகலில் வீடு கும்மிருட்டானது. அன்றிலிருந்து அடித்துப் போட்டமாதிரி தூங்கினான்.

அவன் தூக்கத்துக்குத் தக்கபடி வீடே மாறிப்போனது. விசில் அடிக்கும் என்று இசைவாணி குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். மிக்ஸி அவன் எழுந்த பிறகுதான் ஓடும். டிவியில் படம் மட்டும் அசையும். குழந்தை வாயைத் திறந்தால் போதும், இசைவாணியின் விரல் உதட்டுக்குப் போய்விடும். "ஷ்... அப்பா தூங்கறாரு."

அப்படியும் தென்றல் முழுசாக அடங்கவில்லை. மழை விட்ட ஒரு மத்தியானம், காம்பவுண்டு சுவர்மேல் நிஜ மயிலே வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுக்குக் கால் தரையில் நிற்குமா? உள்ளே ஓடி வந்தாள். ஒட்டியிருந்த டேப் பிய்ந்து வர ஸ்கிரீனைச் சர்ரென்று இழுத்துவிட்டு, "அப்பா! மயிலு! எந்திரிப்பா, மயிலு!" என்று குதித்தாள்.

வெளிச்சம் மூஞ்சியில் விழுந்ததும் வசந்தகுமார் பேய் பிடித்தவன்போல எழுந்தான். "சனியனே! மனுசனத் தூங்க வுடுவியா மாட்டியா?" என்று கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. ஆனால் பாவம், நின்ற இடத்திலேயே குழந்தையின் கவுன் நனைந்தது. இசைவாணி ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள். அதைவிடக் கொடுமை என்னவென்றால், அவன் ஸ்கிரீனை இழுத்துவிட்டு மறுபடி படுத்துத் தூங்கியும் விட்டான்.

ராத்திரி பஸ்ஸில் போகும்போது மனசு அறுத்தது. காலையில் ஒரு சாக்லேட் வாங்கி வந்து கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். சரி, மறந்துவிட்டாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. "உன் பொண்ணு தங்கம்பா. வூட்ல கொழந்த கீதான்னே தெரியல" என்று பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் சொன்னபோது அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அட மடையா, நாலு வயசுக் குழந்தை வீட்டில் இருப்பதே தெரியவில்லை என்றால் அது பெருமைப்படுகிற விஷயமா?

ஜூன் மாதம் தென்றலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே ரஞ்சனி மிஸ் இரண்டு பேரையும் வரச் சொல்லி அனுப்பினாள். வசந்தகுமார் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, தூக்கக் கண்ணோடு அப்படியே இசைவாணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

"நல்லா படிக்கிறா சார். ஆனா வாயத் தெறந்து பேசவே மாட்டேங்கறா. எது கேட்டாலும் காதுகிட்ட வந்து குசுகுசுன்னுதான் சொல்றா. மத்தப் பிள்ளைங்களோட சேந்து அம்மா அப்பா விளையாட்டு விளையாடுவா. ஒருத்தி அம்மா, ஒருத்தி பாப்பா, ஒரு பையன் தாத்தா. அப்பாவுக்கு மட்டும் ஆள் வேணாம்னுடுவா. புத்தகப் பையைப் படுக்க வச்சு, மேல துண்டு போத்திடுவா. அதுதான் அப்பாவாம். ஜன்னல் கம்பியில தன்னோட கர்ச்சீப்பைச் சொருகிடுவா. அப்புறம் யாரும் சத்தம் போடக் கூடாது. போட்டா பயந்து அழுதுடறா." மிஸ் கொஞ்சம் தயங்கினாள். "வீட்ல யாராவது மிரட்டினீங்களா?"

"அப்டிலாம் ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள் இசைவாணி.

"நான்தான் மிஸ்" என்றான் வசந்தகுமார். புத்தகப் பை! பேசாத, சிரிக்காத, தூக்கி வைத்தால் கிடக்கிற பை. பெற்ற மகளுக்கு அவன் அப்படித்தான் தெரிந்திருக்கிறான். கையை ஓங்கிய நாள் ஒன்றுதான் என்றாலும், அவளைக் குசுகுசுக்க வைத்த நாள் எத்தனை! வெட்கத்தில் மிஸ்ஸை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

இசைவாணியை வீட்டில் இறக்கிவிட்டு, படுக்காமல் நேரே ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டியை விட்டான். அந்த மஞ்சள் துணி நல்லவேளையாக இருந்தது. "இது வெளிச்சம் வுடுமேப்பா" என்றார் ராஜசேகர்.

"வுடட்டும்ணா."

ஹாலில் இருந்த கெட்டித் துணியைக் கழற்றி வீசியதும் வீட்டுக்குள் வெயில் வந்து விழுந்தது. இசைவாணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அப்ப உங்க தூக்கம்?" என்று கேட்டாள்.

"கண்ணுல துண்டக் கட்டிக்கினு படுத்துக்கறேன். சூப்பர்வைசர்கிட்டப் பேசி, பழையபடி மாத்து ஷிஃப்டே கேக்கறேன். நீ அந்தக் குக்கர எறக்கு மொதல்ல."

அவன் ஸ்டூல் மேல் ஏறிப் புதுத் துணியைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தபோது தென்றல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்றாள். பிறகு பூனை மாதிரி நடந்து வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது.

"கேக்கலம்மா. அப்பா மேல கீறேன்ல, சத்தமா சொல்லு. இன்னா பொம்ம போட்டுக்கீது இதுல?"

"மயிலு" என்றாள், காற்று மட்டும்.

"கேக்கலியே."

"மயிலு."

"இன்னும் கொஞ்சம் சத்தமாடா கண்ணு. அப்பாவுக்குக் காது கேக்கல." அவன் குரல் கெஞ்சியது.

தென்றல் துணியைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அத்தனை மயிலும் பளபளத்தன. "மயிலு!" என்று ஒரே கத்தாகக் கத்தினாள். பழைய கடைத்தெருக் குரல்!

அடுத்த நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டூல் மேல் நின்ற அப்பனை அவள் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக உள் ரூம் கட்டிலைத்தான் பார்த்தாள், அப்பா எழுந்துவிட்டாரா என்று.